பெயர் எங்கட, பெயின்ற் ஆரின்ர?

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹாட்டில்பூல் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கே பழைய கப்பற்றுறை ஒன்றில், மூன்று பாய்மரத்தோடு, கறுப்பும் வெள்ளையும் பூசிய ஒரு மரப் போர்க்கப்பல் மிதக்கிறது. அதன் பெயர் திருகோணமலை. ஆங்கிலேயர் வாயில் 'ட்ரிங்கோமலி'. ஐரோப்பாவில் இன்னும் தண்ணீரில் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதுதான் ஆக மூத்தது.

இந்தக் கப்பலின் படம் இடைக்கிடை எங்கட ஆக்களின் பேஸ்புக் பக்கங்களில் சுற்றும். கீழே இரண்டு வகைக் கருத்து வரும். "எங்கட திருமலையின்ர பெயரில வெள்ளைக்காரன் கப்பல் வச்சுப் பாதுகாக்கிறான், பெருமைப்படுவம்" என்பது ஒன்று. "காலனித்துவக் கப்பலுக்கு என்ன பெருமை வேண்டிக்கிடக்கு, கொளுத்த வேண்டியதுதானே" என்பது மற்றது. இரண்டுக்கும் நல்லா லைக் விழும். இரண்டுமே சோம்பேறித்தனம் என்பதுதான் எங்கட வாதம். முதலாவது ஆள் கப்பலின் பெயரை மட்டும் பார்க்கிறார். இரண்டாவது ஆள் அதன் பீரங்கியை மட்டும் பார்க்கிறார். இருநூறு வருசமாக அந்த மரம் உளுத்துப் போகாமல் வச்சிருக்கிற கைகளை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

முதலில் கப்பலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1782இல் திருகோணமலைக்கு வெளியே கடலில் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். அந்தச் சண்டையின் நினைவாகத்தான் பெயர். நெப்போலியன் போர்களால் பிரித்தானியாவில் கப்பல் கட்டும் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. ஆகவே கப்பல் பம்பாயில் கட்டப்பட்டது. கட்டியவர் பார்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜம்சேத்ஜி பொமன்ஜி வாடியா. மரம் மலபார்த் தேக்கு. பார்சி வழக்கப்படி ஏராக்கட்டையில் ஒரு வெள்ளி ஆணி அடித்துத்தான் வேலை தொடங்கினார்கள். 1817 ஒக்ரோபர் 12இல் கப்பல் கடலில் இறங்கியது. அதற்குள் போர் முடிந்துவிட்டது. இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்க் கால் நூற்றாண்டுக்கு மேல் சும்மா கட்டிப் போட்டார்கள். பிறகு 1847இலிருந்து பத்து வருசம்தான் அது உண்மையில் கடற்படைச் சேவை செய்தது: கரிபியன் கடலிலும் வட அமெரிக்கக் கரையிலும் முதலில், பசுபிக்கில் அடுத்ததாக. அதன்பின் பயிற்சிக் கப்பல். 1897இல் உடைப்பதற்கு விற்றுவிட்டார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. ஜோர்ஜ் வீற்லி கொப் என்ற தனிமனிதர் அதை உடைப்பவர்களிடமிருந்து வாங்கினார். அவருடைய பழைய பயிற்சிக் கப்பல் 'ஃபூட்ரொயன்ற்' அதே வருசம் கரையில் மோதி அழிந்திருந்தது. ஆகவே இதற்கு அந்தப் பெயரை வைத்தார். எங்கட ஊரின் பெயர் ஒரு நூற்றாண்டுக்குக் கிட்ட அந்தக் கப்பலில் இல்லாமலே இருந்தது. 1986 வரை பிள்ளைகளுக்குக் கடல் பழக்கும் கப்பலாக அது ஓடித்தேய்ந்தது. 1987இல் ஹாட்டில்பூலுக்கு ஏற்றி வந்தார்கள். 1990இல் தொடங்கிய திருத்தவேலை 2001 வரை நீண்டது. ஒரு கோடி பவுண்ஸுக்கு மேல் செலவு. 1992இல்தான் 'திருகோணமலை' என்ற பெயர் திரும்ப வந்தது.

ஏன் ஹாட்டில்பூல்? அந்த ஊரே கப்பல் கட்டி வாழ்ந்த ஊர். 1962இல் அங்கிருந்த பெரிய கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டது. வேலை போனது, கைத்தொழில் போகவில்லை. 1979இலிருந்து 'வொரியர்' என்ற இன்னொரு பழைய போர்க்கப்பலை அந்த ஊர்க்காரர் எட்டு வருசம் திருத்திப் போர்ட்ஸ்மவுத்துக்கு அனுப்பினார்கள். அது போன அதே 1987இல் எங்கட பெயர்க்காரி வந்து சேர்ந்தாள். கப்பல் கட்டும் தளம் மூடுண்ட ஊரில், மரமும் இரும்பும் தெரிந்த கைகள் சும்மா இருக்க மறுத்ததால்தான் இந்தக் கப்பல் இன்று இருக்கிறது. ராணியோ கடற்படையோ காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு பெருமைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேணும். கடற்படை அதை விற்றது, உடைக்கச் சொல்லி விற்றது.

மரக்கப்பலைப் பராமரிப்பது என்றால் என்ன வேலை என்று எங்கட வயசு ஆக்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடல்நீர் மரத்துக்கு அவ்வளவு சத்துரு இல்லை, உப்பு மரத்தை ஓரளவு காக்கும். மழைநீர்தான் எமன். மேல்தட்டுப் பலகைகளின் இடுக்குக்குள் நல்ல தண்ணீர் இறங்கினால் உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும், வெளியில் பார்க்கத் தெரியாது. ஆகவே பலகைக்குப் பலகை இடையில் நாரைத் திணித்து, கீல் ஊற்றி, கலப்பற்ற வேணும். ஒரு பக்கம் முடிக்க மற்றப் பக்கம் வெடித்திருக்கும். கயிறு வெயிலில் நொந்துபோகும். பாய்மரமும் பறுவானும் மேலிருந்து உக்கும். பெயின்ற் உரியும், சுரண்டிப் பூச வேணும், திரும்ப உரியும். தேக்கு என்றபடியால் இவ்வளவு காலம் தாங்கியது. ஓக் மரத்தில் உள்ள அமிலம் இரும்பு ஆணியைத் தின்னும், தேக்கு தின்னாது. ஆனால் தேக்கும் தன்பாட்டில் இருநூறு வருசம் நிற்காது. ஆரோ ஒருவர் அந்த இருநூறு வருசமும் சுரண்டியிருக்கிறார்.

உலகத்தில் மிஞ்சியிருக்கிற பழைய போர்க்கப்பல்களில் கனக்கவற்றில் இந்த வேலையின் பெரும்பங்கைச் செய்பவர்கள் தொண்டர்கள்தான். ஓய்வுபெற்ற வெல்டர்கள், மின்தொழிலாளர், பழைய கடற்படைக்காரர், ஆசிரியர், சும்மா ஆர்வத்தில் வந்தவர்கள். கிழமையில் ஒரு நாள், இரண்டு நாள், பெயின்ற் வாளியோடு வருவார்கள். இதில் ஆக உச்சமான கதை அமெரிக்காவின் எல்எஸ்ரி-325. நோர்மண்டிக் கரையில் 1944இல் இறங்கிய கப்பல் அது. பிறகு கிரேக்கத்துக்குக் கொடுக்கப்பட்டு, அங்கே ஓய்வுபெற்றுக் கிடந்தது. 2000ஆம் ஆண்டு ஒரு தொண்டர் குழு கிரீற் தீவுக்குப் போனது. சராசரி வயது 72. அந்தத் துருப்பிடித்த கப்பலின் இயந்திரத்தைத் தாங்களே திருத்தி, நவம்பரில் புறப்பட்டு, குளிர்காலத்து அத்திலாந்திக்கைக் கடந்து, 2001 ஜனவரியில் அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். "உங்களுக்கு விசரே" என்று அவையின்ர மனுசிமார் கேட்டிருக்கத்தான் வேணும். அந்தக் கப்பல் இன்றும் தொண்டர்களின் கையில் ஓடுகிறது.

எல்லாக் கப்பலுக்கும் இந்த விதி வாய்க்கவில்லை. எங்கட வாதத்துக்கு முக்கியமானவை தோற்றுப்போன கப்பல்கள்தான். 'இம்பிளாக்கபிள்' என்றொரு கப்பல் இருந்தது. 1805இல் ட்ரஃபால்கரில் பிரெஞ்சுப் பக்கம் நின்று சண்டையிட்டு, சில நாட்களில் பிரித்தானியரிடம் பிடிபட்டது. எங்கட பெயர்க்கப்பலுக்குப் பக்கத்தில்தான் போர்ட்ஸ்மவுத்தில் பல வருசம் நின்றது. இரண்டாம் உலகப்போர் முடிந்த பஞ்சத்தில் திருத்தக் காசில்லை என்று, 1949 டிசம்பரில் இரண்டு நாட்டுக் கொடியையும் ஏற்றி, வெடிவைத்து மூழ்கடித்தார்கள். மரியாதையாகத்தான் மூழ்கடித்தார்கள். மரியாதை கப்பலை மிதக்க வைக்காது. 2016இல் 'புரோனிங்டன்' என்ற கண்ணிவெடி அகற்றும் கப்பல் பேர்கன்ஹெட் துறையில் கட்டின இடத்திலேயே தாண்டுபோனது. ஒரு காலத்தில் இளவரசர் சார்ள்ஸ் கப்ரனாக இருந்த கப்பல். அதைப் பார்த்த அறக்கட்டளை முதலில் கலைந்தது, பிறகு கப்பல் தாண்டது. இதுதான் வழமையான ஒழுங்கு: முதலில் ஆட்கள் குறைவார்கள், பிறகு தண்ணீர் ஏறும்.

இன்னும் கிட்டவாக வருவோம். இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்'. 1971 போரில் வங்கக் கடலை மறித்து நின்றது. 1997இல் ஓய்வுபெற்று, மும்பையில் அருங்காட்சியகமாக மிதந்தது. 2012இல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள். மனு, வழக்கு, உச்சநீதிமன்றம் எல்லாம் நடந்தது. அறுபது கோடி ரூபாய்க்கு ஏலம் போய், 2014இல் வெட்டத் தொடங்கினார்கள். அதன் இரும்பில் கொஞ்சத்தை ஒரு கொம்பனி மோட்டார்சைக்கிளில் போட்டு 'தேசபக்தி' என்று விற்றது. இப்போது கவனியுங்கோ. விக்ராந்த் 1945இல் கடலில் இறக்கப்பட்டது இங்கிலாந்தின் ரைன் ஆற்றில், ஹாட்டில்பூலிலிருந்து கொஞ்சம் வடக்கே. பம்பாயில் கட்டின கப்பலை இங்கிலாந்தின் வடகிழக்கு வைத்துக் காக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்கில் கட்டின கப்பலை மும்பை வெட்டி விற்றது. இதில் பிறவிக்குணம், இனக்குணம் என்று ஒரு மண்ணும் இல்லை, புரோனிங்டனைத் தாழவிட்டதும் அதே இங்கிலாந்துதான். விக்ராந்துக்காகக் கூச்சல் போட்ட ஆட்கள் லட்சக்கணக்கில் இருந்திருப்பார்கள். கூச்சலுக்குப் பிறகு, காசும் கையும் சேர்ந்து தொடர்ச்சியாக நிற்கும் ஒரு ஏற்பாடு அங்கே உருவாகவில்லை.

இனி, "கொளுத்துங்கோ" என்று சொல்கிற தோழர்களுக்கு. உங்களோடு நாங்கள் பாதித்தூரம் வருவோம். அந்தப் பெயர் எங்களைக் கௌரவிக்க வைத்த பெயரே இல்லை. இரண்டு ஐரோப்பிய வல்லரசுகள் ஒரு துறைமுகத்துக்கு அடிபட்டன, அந்தத் துறைமுகத்துச் சனத்தை ஒருத்தரும் கேட்கவில்லை. 1957 வரை பிரித்தானியக் கடற்படை அங்கிருந்து எழும்பவுமில்லை. கப்பலின் அணியத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு ஆணின் சிலை நிற்கிறது. அவருக்குப் பெயர் இல்லை. கிழக்கத்தேயம் என்றால் ஒரு தலைப்பாகை, அவ்வளவுதான். வாடியாவின் பெயர் வரலாற்றில் நின்றது. மலபார்க் காட்டில் தேக்கை வெட்டியவனும், பம்பாயில் வாள்பிடித்து அதை அறுத்தவனும் எங்கே? ஆகவே "அழகான பழைய கப்பல்" என்று செல்ஃபி எடுத்துப் போடுவதில் எங்களுக்கும் உடன்பாடில்லை. துப்புரவாகப் பெயின்ற் பூசிய போர்க்கப்பல், போரையும் துப்புரவாகக் காட்டும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

மிச்சப் பாதித்தூரம் நாங்கள் வரமாட்டோம். அந்தக் கப்பல் இருப்பதால்தான் இந்தக் கேள்விகளைக் கேட்க முடிகிறது. 1897இல் அதை உடைத்திருந்தால் மலபார்த் தேக்கும் போயிருக்கும், பம்பாய்த் தச்சரின் உளிக்காயமும் போயிருக்கும், தலைப்பாகைக்காரரைப் பற்றிக் கேட்க எங்களுக்கு ஒரு முகாந்திரமும் இருந்திராது. பேரரசு தன் தடயத்தைத் தானே அழிக்கும்போது அதற்குக் கைதட்டுவது காலனித்துவ எதிர்ப்பு ஆகாது. இன்னொன்று, ஹாட்டில்பூலில் அந்தப் பலகையைக் கலப்பற்றியவர்கள் பேரரசின் பிரபுக்கள் இல்லை, தளம் மூடி வேலை இழந்த ஊரின் தொழிலாளர். பம்பாயில் ஒரு தச்சன் இழைத்த மரத்தை நூற்றெழுபது வருசம் கழித்து இன்னொரு தொழிலாளி தடவிப் பார்த்து, எங்கே உளுத்திருக்கிறது, எங்கே நல்லாயிருக்கிறது என்று கண்டுபிடித்து, நல்லதை விட்டுவைத்து, கெட்டதை மட்டும் மாற்றியிருக்கிறான். கப்பலின் பெரும்பகுதி இன்னும் அந்தப் பழைய தேக்குத்தான். அந்தத் தச்சனின் வேலைக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எங்கட எந்தக் கட்டுரையும் செய்யவில்லை.

தொண்டு என்ற சொல்லில் எங்களுக்கு எச்சரிக்கையும் உண்டு. அரசுகளுக்குத் தொண்டர் என்றால் நல்ல விருப்பம், சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. சிரமதானம் என்று சொல்லிக் குளத்தையும் வாய்க்காலையும் சனத்தைக் கொண்டு வெட்டுவித்துவிட்டு, மாலை போட்டுக்கொள்ள மட்டும் வருகிற ஆட்களை எங்கட ஊரில் ஆர் காணவில்லை? ஹாட்டில்பூலின் பதினொரு வருச வேலை சும்மா அன்பால் நடக்கவில்லை. அதற்குப் பொதுநிதியும் நன்கொடையும் இருந்தன, சம்பளம் வாங்கிய கைவினைஞர்கள் இருந்தார்கள். தொண்டர் சம்பளக்காரரின் இடத்தைப் பிடிக்கக்கூடாது. சம்பளக்காரர் போன பிறகும் மழை பெய்யும், அப்போது வாளியோடு வருகிறவர்தான் தொண்டர்.

இந்த இடத்தில் கதை எங்கட கரைக்கு வருகிறது. கப்பலைப் பற்றிக் கதைக்கிற தமிழருக்கு உடனே நாவில் வருவது 'அன்னபூரணி'. வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல், எங்கட கடலோடிகளோடு சமுத்திரங்களைத் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. நல்லது, பெருமைப்படலாம். ஆனால் அன்னபூரணியைப் பற்றி எழுதுகிற பத்துப் பேரில் எத்தனை பேருக்கு ஏராக்கட்டைக்கு என்ன மரம், பலகையை எப்படி வளைப்பது, கலப்பற்றும் நாரை எப்படித் திரிப்பது என்று தெரியும்? அதைத் தெரிந்த ஓடாவிமார் கரையூர்களில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஃபைபர் படகு வந்த பிறகு மரவள்ளத்துக்கு வேலையில்லை, ஓடாவியின் மகனுக்கும் அதில் விருப்பமில்லை. அது நியாயம்தான், மீனவர் வயிற்றுப்பாட்டைப் பார்க்கட்டும். ஆனால் கரையில் கவிழ்த்துப் போட்ட கடைசி வத்தையை விறகுக்கு வெட்டும்போது நாங்கள் எங்கே நின்றோம் என்று எங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் கேட்பார்கள். "1938இல அமெரிக்கா போனனாங்கள்" என்பது அதற்குப் பதில் ஆகாது.

"எங்களை எங்கே விட்டவங்கள்?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. திருகோணமலைத் துறைமுகத்தின் கடற்படை வரலாற்றைச் சொல்கிற அரும்பொருளகமும் கடற்படையின் கையில்தான். கரையின் பல துண்டுகள் முகாம் வேலிக்குள். முல்லைத்தீவுக் கடலில் 2006இல் கரைதட்டிய ஜோர்தானியக் கப்பல் ஃபரா-3, இறுதிப்போர் முடிந்த கரையில் துருவேறி நின்றது. தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் அதைப் பின்னால் வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு அது பழைய இரும்பாக வெட்டப்பட்டது. எதை வைத்திருப்பது, எதை வெட்டுவது என்று அந்தக் கரையின் சனத்தை ஒருத்தரும் கேட்கவில்லை, 1782இல் கேட்காததைப் போலவே. இந்தத் தடைகளை நாங்கள் சின்னதாக்கவில்லை. ஆனால் ஒரு வயதான ஓடாவியின் வீட்டு முற்றத்துக்குப் போய் இருந்து கதைக்க எந்த முகாமின் அனுமதியும் தேவையில்லை. ஒரு பழைய வள்ளத்துக்கு மேலே கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டு மழையை மறிக்க ஐநாவின் தீர்மானம் தேவையில்லை. எங்களைத் தடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை, ஆரும் தடுக்காத வேலையையும் நாங்கள் தொடங்கவில்லை என்பதும் உண்மை.

எங்கட சமூகத்துக்குத் தொடக்கவிழா என்றால் உயிர். அடிக்கல் நாட்டுவம், நாடா வெட்டுவம், ரீசேட் அடிப்பம், ட்ரோன் பறக்கும். அடுத்த வருசம் அந்தக் கட்டடத்தின் கூரை ஒழுகினால் ஆரும் இல்லை. பழைய மாணவர் சங்கம் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பினால் புதுசாக ஒரு வளைவு கட்டுவார்கள், பழைய நூலகத்தின் கறையானுக்கு மருந்தடிக்க அனுப்புவது குறைவு. கறையான் மருந்தில் பெயர் பொறிக்க முடியாதுதானே. பராமரிப்பு வேலையில் புகழ் இல்லை. நல்லாச் செய்தால் ஒன்றும் நடக்காது, கப்பல் நேற்றுப்போலவே இன்றும் மிதக்கும், அவ்வளவுதான். அந்த 'ஒன்றும் நடக்காத' வேலையைச் செய்யத் தெரியாத சமூகம் தன் மரபைப் பற்றி எவ்வளவு கத்தினாலும் பத்து வருசத்தில் கத்தலை மட்டும்தான் மிச்சம் வைத்திருக்கும்.

ஆகவே நாங்கள் சொல்வது மூன்று வேலை. கலைப்பீடத்தில் வருசாவருசம் ஆய்வுக்கட்டுரை எழுதுகிறோம், கனக்க அலுமாரிக்குள் போகிறது. அதில் சிலவாவது கரையூர் ஓடாவிமாரின் சொல்லும் அளவும் முறையும் பற்றியதாக இருக்கட்டும். குரலில் பதிவோம், கொப்பியில் கீறுவோம். இரண்டாவது, ஒரு வள்ளம். நூறு வேண்டாம், ஒன்று. உரியவரின் சம்மதத்தோடு, ஒரு ஓடாவிக்குக் கூலி கொடுத்து, முறைவைத்து மாதம் இரண்டு ஞாயிறு போய்ச் சுரண்டிப் பூசுவோம். மூன்றாவது, ஹாட்டில்பூலுக்குக் கடிதம். திருகோணமலை என்ற பெயரின் கதையை அந்தத் துறைமுகத்துச் சனத்தின் பக்கத்திலிருந்து எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அனுப்புவோம். முதல் இரண்டையும் தொடங்கின பிறகு அனுப்புவோம். வெறுங்கையோடு போய் உரிமை கேட்பதைவிட, கையில் கீல் ஒட்டியிருக்கும்போது கேட்டால் அந்தத் தொண்டர்களுக்கு எங்கட பாசை விளங்கும்.

உங்கட ஊரில் மரவள்ளம் கட்டின ஓடாவி ஒருவர் இன்னும் இருந்தால் எங்களுக்கு அறியத் தாருங்கோ. அவருக்கு எழுபத்தைந்து, எண்பது வயசு என்றால் கெதியா அறியத் தாருங்கோ.